அத்தியாயம் 6: நன்னீரில் நிற்கும் ஃபைபர் படகு

கடலில் ஓடிய படகை மலைநாட்டு நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் நிம்மதியாக ஒன்றைச் சொல்வார்கள்: இனி உப்புத் தண்ணீர் இல்லை, படகு கெடாது. எஞ்சினுக்கும் இரும்பு ஆணிக்கும் அது சரி. ஃபைபர் அடிக்கு அது பொருந்தாது. உப்பில்லாத தண்ணீர்தான் ஃபைபருக்குள் கூடிய வேகத்தில் ஊறும், கூடுதலாகக் கொப்புளம் எழுப்பும். இந்த அத்தியாயம் அதற்கான காரணத்தையும் டிக்கோயாவின் குளிரிலும் மழையிலும் அதைத் தடுக்கும் வழியையும் சொல்கிறது.

கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டிய காசல்ரீயும், மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் கட்டிய மவுசாகலையும் மின்சாரத்துக்காக உருவான நீர்த்தேக்கங்கள். இன்று அவற்றில் மீன்பிடி வள்ளங்களும் தோட்டத்து பங்களா விடுதிகளின் உல்லாசப் படகுகளும் ஓடுகின்றன. நுவரெலியாவில் 1873இல் அமைத்த கிரகரி வாவியில் மிதிபடகுகள் நிற்கின்றன. பயன் வேறு வேறு, தண்ணீர் ஒன்றே. மழையிலிருந்து வந்த, உப்பு மிகக் குறைந்த நன்னீர்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது

ஃபைபர் படகின் அடியை வெட்டிப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். வெளியே அரை மில்லிமீற்றர் அளவில் பளபளப்பான ஜெல்கோட். அதற்கு உள்ளே பொலியெஸ்டர் ரெசினில் நனைத்து அடுக்கிய கண்ணாடி இழை மெட். ஜெல்கோட் தண்ணீரை முழுதாக மறிக்காது. துளை ஏதும் இல்லாவிட்டாலும், நீரில் நிற்கும் காலமெல்லாம் நீர் மூலக்கூறுகள் அதனூடாக மெல்ல மெல்ல நுழைந்துகொண்டே இருக்கும்.

நுழைந்த நீர் அப்படியே தங்கினால் படகின் பாரம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். தொல்லை அடுத்த படியில் வருகிறது. ரெசின் சரியாக இறுகாத இடங்களில் கிளைக்கோல், அமிலம், ஹார்ட்னரின் மிச்சம், மெட்டைப் பிணைத்த பசை போன்றவை கிடக்கும். நீர் அவற்றைக் கரைத்துச் செறிவான ஒரு கரைசலாக்குகிறது. இப்போது ஜெல்கோட்டின் ஒரு பக்கம் செறிவான கரைசல், மறுபக்கம் வெறும் தண்ணீர். பாயாசத்துக்கு எடுக்கும் பிளம்ஸைத் தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருப்பது போல, உள்ளேயுள்ள கரைசல் வெளித் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அழுத்தம் கூடக் கூட ஜெல்கோட் மேலெழும்பிக் கொப்புளமாகிறது. இதைத்தான் ஒஸ்மோசிஸ் என்கிறார்கள்.

கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த உப்பும் தன் பக்கம் நீரைப் பிடித்து வைப்பதால் உள்ளே இழுக்கும் விசை குறைகிறது. காசல்ரீ தண்ணீரில் அந்தப் பிடிமானம் இல்லை. ஒரே படகு, ஒரே வெப்பநிலை என்றால் நன்னீரில்தான் கொப்புளம் முந்தி வரும்.

நமக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. வெப்பம் கூடினால் நீர் ஊறும் வேகமும் கூடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்தில் உள்ள காசல்ரீ, தாழ்நிலக் குளங்களை விடக் குளிர்ந்தது. ஊறல் அந்த அளவுக்கு மெதுவாகிறது. ஆனால் அதே குளிர், படகு கட்டும்போதும் திருத்தும்போதும் ரெசினை இறுக விடாமல் தடுக்கிறது.

எந்தப் படகுக்கு ஆபத்து

மாலையில் கரைக்கு இழுத்துக் கவிழ்த்து வைக்கும் சிறு வள்ளத்துக்கு ஒஸ்மோசிஸ் வருவது அரிது. பகலில் ஊறியதில் ஒரு பங்கு இரவில் உலர்ந்துவிடும். கவலைப்பட வேண்டியவை மாதக்கணக்கில் தண்ணீரிலேயே நிற்பவை: கட்டி வைத்த உல்லாசப் படகு, மிதவை மேடையைத் தாங்கும் ஃபைபர் பெட்டி, உள்ளே காற்றறை மூடிய மிதிபடகு.

பழைய படகு வாங்குவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் நாட்டில் ஃபைபர் படகு கட்டும் தொழிலைப் பரப்பிய முன்னோடிகளுள், 1960களின் இறுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் ஒன்று. பின்னர் அந்தத் தொழில் கரையோரம் முழுவதும் பரவியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் பெருந்தொகையான ஃபைபர் படகுகள் அவசரத்தில் கட்டப்பட்டன. அவற்றில் பல தரம் குறைந்தவை என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் எச்சரித்தது. நீர்கொழும்பிலோ சிலாபத்திலோ மலிவாகக் கிடைக்கும் படகை லொறியில் ஏற்றுமுன், கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

புதுப் படகு கட்டுவிக்கும்போது கேட்க வேண்டியவை

ஒஸ்மோசிஸைத் தடுக்க மிக மலிவான நேரம் படகு அச்சுக்குள் இருக்கும் நேரம்தான். கட்டுபவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. ரெசின்: பொது வேலைக்கு விற்கும் ஓர்தோ ரெசின் மலிவு, நீரை எதிர்ப்பதில் அது கடைசி. ஐசோ ரெசின் அதைவிட நல்லது. வைனில் எஸ்டர் இன்னும் நல்லது. படகு முழுவதையும் வைனில் எஸ்டரில் கட்டப் பணம் போதாவிட்டால், ஜெல்கோட் ஐசோவிலும் அதை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு அடுக்கு வைனில் எஸ்டரிலும் இருக்கட்டும். நீர் முதலில் சந்திப்பது அந்த அடுக்குகளைத்தான்.

2. மெட்: இழைகளைப் பிணைக்கப் பால்பசை இட்ட மெட்டும் உண்டு, தூள்பசை இட்ட மெட்டும் உண்டு. பால்பசை நீரில் கரையும் தன்மை கொண்டது. நீருக்குக் கீழே தூள்பசை மெட்தான் வேண்டும். முதல் அடுக்கு மெல்லியதாக, சதுர மீற்றருக்கு 225 அல்லது 300 கிராம் மெட்டாக இருந்தால் காற்றுக்குமிழை ரோலரால் முற்றாக வெளியேற்றலாம்.

3. ஜெல்கோட் தடிப்பு: 0.4 முதல் 0.6 மில்லிமீற்றர். மெல்லியதாகப் போனால் இழை தெரியும். தடித்துப் போனால் வெடிக்கும்.

4. ஹார்ட்னர்: ஒரு கிலோ பொலியெஸ்டர் ரெசினுக்கு 10 முதல் 20 கிராம், அதாவது 1 முதல் 2 சதவீதம். குளிர் என்பதற்காக இதைத் தாண்டிச் சேர்ப்பதும் சிக்கனம் என்று குறைப்பதும் ரெசினை அரைகுறையாக விடும். குளிருக்கு மருந்து கொட்டகையையும் ரெசின் டப்பாவையும் சூடாக்குவது. 18 பாகை செல்சியஸுக்கு மேல் வேலை செய்வது நல்லது; 15க்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

5. உள்பக்கம்: அச்சில் வார்த்த படகின் உள்பக்கத்தில் ஜெல்கோட் இருக்காது. மெழுகு கலந்த டொப்கோட் பூசாவிட்டால் உள்ளே தேங்கும் மழைநீர் நேராக இழைக்குள் இறங்கும்.

6. காத்திருப்பு: கட்டி முடித்த படகை மலைநாட்டில் நான்கு வாரமாவது கூரையின் கீழ் வைத்து முற்ற விட்ட பிறகே தண்ணீரில் இறக்குங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் ஓரிடத்தைத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்பு வந்தால் இன்னும் இறுகவில்லை.

ஓர் எச்சரிக்கை: ஹார்ட்னரையும், ரெசினை விரைவாக இறுக்கச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடிக்கும். ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கலக்கவில்லை என்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாளாந்தப் பாதுகாப்பு

மேல்மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழைக்குக் குறைவே இல்லை. அருகிலுள்ள வட்டவளை நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில், கட்டி வைத்த படகுக்குள் விழும் தண்ணீர் வெளியேயுள்ள தண்ணீரை விடவும் தூய்மையானது. அதனால் அடி வெளியிலிருந்து மட்டுமல்ல, உள்ளிருந்தும் ஊறும். படகை இரு பக்கமும் ஊறவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கரையில் வைக்கும் படகைக் கவிழ்த்து வையுங்கள். நிலத்தோடு ஒட்டாமல் இரண்டு சவுக்குக் கட்டைமேல் ஏற்றி, கீழே காற்று ஓட விடுங்கள். கவிழ்க்க முடியாத பெரிய படகுக்குத் தறப்பாள் கட்டும்போது நடுவே ஒரு கம்பு கொடுத்துக் கூரை போல உயர்த்துங்கள். இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். கரைக்கு இழுத்ததும் வடிகால் அடைப்பானைக் கழற்றி விடுங்கள்.

இருக்கைக்குக் கீழே மூடிய அறைகளும் மிதவைக்கான நுரையும் உள்ள படகில், அந்த அறைகளில் திறந்து பார்க்கும் மூடி ஒன்று பொருத்துங்கள். மிதிபடகுகளின் உள்ளறையில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வருடக்கணக்காகத் தண்ணீர் நிற்பது, படகு ஒரு பக்கம் தாழ்ந்த பிறகுதான் தெரியவரும்.

வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அடி உரசும் ஆபத்து கூடும். மவுசாகலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில், விகாரை, பள்ளிவாசல் இடிபாடுகள் அப்போது வெளியே தெரியும். காசல்ரீயிலும் கல்லும் அடிக்கட்டையும் தட்டுப்படும். படகைக் கரைக்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும் அடியின் நடுவே ஓடும் ஏராவில் ஜெல்கோட் தேய்கிறது. இழை வெளியே தெரிந்தால், நுனியில் பிடித்த நீரை அந்த இழை நெடுந்தூரம் உள்ளே இழுத்துச் செல்லும். இழுக்கும் இடத்தில் பழைய டயரோ மூங்கிலோ போடுங்கள். தேய்ந்த இடத்தை உலர்த்தி எபொக்சியால் மூடுங்கள். ஆணி, திருகு அடித்த துளைகளையும், மோட்டார் பூட்டும் பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட்டின் ஓரங்களையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஊறிய பிளைவுட் கொப்புளத்தை விடப் பெரிய ஆபத்து; மோட்டாரே கழன்று விழலாம்.

சோதித்துப் பார்த்தல்

கொப்புளத்தைப் பார்க்கச் சரியான நேரம் படகு கரையேறிய முதல் அரைமணி. காய்ந்தால் சில கொப்புளங்கள் அமுங்கி மறைந்துவிடும். கண்ணாடியும் கையுறையும் போட்டு, ஒன்றிரண்டை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே அழுத்தத்தில் நிற்கும் நீர் பீறிட்டுக் கண்ணில் தெறிக்கலாம். வந்தது வெறும் தண்ணீர், கொப்புளமும் பெயின்டுக்கு அடியில் மட்டும் என்றால், பெயின்ட்தான் ஒட்டவில்லை; அது சிறு வேலை. விரலில் வழவழப்பு, புளித்த நெடி, பி.எச். தாளில் அமிலம் காட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒஸ்மோசிஸ்.

அடுத்தது ஓசை. சிறு பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்றால் அடி முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை மந்தமாகும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கலாம். சோக்கால் வட்டமிட்டு வையுங்கள்.

ஈரம் அறிய மீற்றர் இருந்தால், நீர்க்கோட்டுக்கு மேலேயுள்ள காய்ந்த பகுதியையும் கீழேயுள்ள பகுதியையும் அளந்து ஒப்பிடுங்கள். தனி எண்ணைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம். மீற்றர் இல்லாவிட்டால், ஓர் அடிச் சதுரத் தெளிந்த பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் முத்து கோத்தால் அடி இன்னும் காயவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: கொப்புளத்தால் படகு மூழ்குவது மிக அரிது. ஐந்தாறு கொப்புளத்துக்காக அடி முழுவதையும் உரிக்கத் தேவையில்லை. அவற்றை மட்டும் திறந்து திருத்தலாம். அடி நெடுக நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, மெட் அடுக்கே பிரிந்திருந்தாலோ மட்டும் முழு வேலைக்கு இறங்குங்கள்.

திருத்தும் முறை

டிக்கோயாவில் உலர்த்துவதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. நீர்மட்டமும் அப்போது இறங்குவதால் படகை ஏற்றுவது எளிது. ஆனால் இரவுக் குளிரும் அப்போதுதான் கடுமை. 15 பாகைக்குக் கீழே இறங்கும் இரவில் எபொக்சி சரியாக இறுகாது. காலைப் பனி அதன்மேல் படிந்தால் வழவழப்பான ஒரு படலம் உருவாகும். எனவே ஜனவரியில் திறந்து, பெப்ரவரி முழுவதும் உலர்த்தி, மார்ச்சில் பூசுவது என்று திட்டமிடுங்கள். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்குமுன் முடித்துவிட வேண்டும்.

1. திறத்தல்: கொப்புளங்களைக் கிரைண்டரால், ஓரம் சரிவாகும்படி நல்ல அடுக்கு தெரியும்வரை திறக்கவும். முழு வேலை என்றால் நீருக்குக் கீழேயுள்ள ஜெல்கோட் முழுவதையும் எடுக்க வேண்டும். முகமூடி கட்டாயம். கண்ணாடித் தூசு பறக்கும் இந்த வேலையை லயத்து வாசலில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் செய்ய வேண்டாம்.

2. கழுவுதல்: இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கிளைக்கோல் வெயிலில் ஆவியாகாது. எவ்வளவு காய வைத்தாலும் உள்ளேயே இருந்து மறுபடி நீரை இழுக்கும். கொதிக்கக் காய்ச்சிய நன்னீரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். நெடியும் வழவழப்பும் போய், பி.எச். தாள் நடுநிலை காட்டும்வரை விடக்கூடாது.

3. உலர்த்துதல்: கூரையின் கீழ், பக்கங்கள் திறந்து, மின்விசிறி வைத்து உலர்த்துங்கள். பிற்பகல் மூடுபனி இறங்கியதும் பக்கங்களை மூடுங்கள். வாரம் ஒருமுறை பொலித்தீன் சோதனை. சிறு படகானால் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் பாரம் மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

4. நிரப்புதல்: குழிகளை எபொக்சிப் பட்டியால் நிரப்புங்கள். வாகனங்களுக்குப் பூசும் பட்டி பொலியெஸ்டரும் டல்க் தூளும் சேர்ந்தது, நீரை உறிஞ்சும். நீருக்குக் கீழே அதற்கு இடமில்லை. ஆழமான குழியில் இழைத்துணியும் எபொக்சியும் வைத்து அடுக்குங்கள்.

5. பூசுதல்: 80ஆம் இலக்க சேண்ட் பேப்பரால் தேய்த்துத் துடைத்த பின், கரைப்பான் கலக்காத எபொக்சியை ரோலரால் ஐந்து அல்லது ஆறு பூச்சு பூசி, மொத்தம் 400 முதல் 600 மைக்ரோன் தடிப்புக்குக் கொண்டுவாருங்கள். ஹார்ட்னரை டப்பாவில் எழுதியுள்ள அளவுக்கே கலக்க வேண்டும். பொலியெஸ்டரைப் போல இங்கே கூட்டிக் குறைக்க முடியாது. வெயில் ஏறிய பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடியுங்கள். தொடங்குமுன் ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள்; கால்மணி நேரத்தில் அது காயாவிட்டால் அன்று பூச வேண்டாம். ஒரு பூச்சு தொட்டால் ஒட்டும் நிலையில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசுங்கள். இரவு தாண்டிவிட்டால் காலையில் வெறும் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவி, தேய்த்த பின்னரே தொடருங்கள். இரவில் படகைச் சுற்றிப் பொலித்தீன் கூடாரம் கட்டி, உள்ளே ஹீட்டரோ பழைய குண்டு மின்குமிழ்களோ எரிய விடலாம். நெருப்புச் சட்டி வைக்க வேண்டாம். அருகே இருக்கும் அசிட்டோன், பெயின்ட் ஆகியவற்றின் ஆவி தீப்பிடிக்கும்.

6. மேற்பூச்சு: எபொக்சி வெயிலில் வெளிறி மாப்போல உதிரும், ஆகவே மேலே பொலியுரித்தேன் பெயின்ட் வேண்டும். எபொக்சிக்கு மேல் பொலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக ஒட்டாது; அந்த முயற்சி வேண்டாம்.

தண்ணீரையும் காக்க வேண்டும்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கீழே சேர்ந்து களனி கங்கையாகின்றன. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் அந்தக் கங்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பாசி பிடிக்காதிருக்கக் கடற்படகுக்குப் பூசும் செப்புப் பெயின்டை இங்கே தவிர்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை கரையேற்றித் துணியால் துடைத்தாலே நன்னீர்ப் பாசி போய்விடும். தேய்த்த தூசு, ரெசின் மிச்சம், அசிட்டோன் எதையும் கரையில் கொட்ட வேண்டாம். மிஞ்சிய ரெசினை ஹார்ட்னர் சேர்த்து இறுக வைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.

ஆண்டுக் கால அட்டவணை

- ஜனவரி: கரையேற்றல், முதல் அரைமணிச் சோதனை, கொப்புளம் திறத்தல், கழுவல்.
- பெப்ரவரி: உலர்த்தல், வாரம் ஒரு சோதனை.
- மார்ச்: நிரப்பல், எபொக்சி, பெயின்ட்.
- ஏப்ரல்: பூச்சு முற்றிய பின் இறக்குதல், தறப்பாளும் வடிகாலும் சரிபார்த்தல்.
- மே முதல் செப்டம்பர்: மழைநீரை அன்றன்றே வெளியேற்றல், பயன்படாத படகைக் கவிழ்த்து வைத்தல்.
- ஒக்டோபர் முதல் டிசம்பர்: மூடிய அறைகள், பின்பலகை, ஆணித்துளைகளைப் பார்த்து, ஜனவரி வேலைக்கான சாமான்களின் பட்டியல் எழுதுதல்.

பணமோ நேரமோ குறைவு என்றால், பட்டியலில் முதலில் செய்ய வேண்டியது பணமே செலவாகாத வேலை: ஓடாத நாளில் படகைத் தண்ணீரில் விடாமல் ஏற்றிக் கவிழ்த்து வைப்பது. வைனில் எஸ்டரும் எபொக்சியும் ஊறலைத் தாமதப்படுத்தும். காய விடும் நாட்கள்தான் ஊறியதை வெளியேற்றும்.